பூட்டில்லாத ஒரு பிரதியையும் விற்பனைக்கு வையுங்கள்: கணினி விளையாட்டு உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி விளையாட்டுகளை உருவாக்குவோருக்கும் வெளியிடுவோருக்கும் வணக்கம்.

உங்கள் விளையாட்டுகளை ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்கிறீர்கள். தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதே நாளில், அதே விலைக்கு, டிஆர்எம் பூட்டு (அனுமதி சரிபார்க்காமல் விளையாட்டைத் திறக்கவிடாத மென்பொருள்) இல்லாத ஒரு பிரதியை வேறோர் இடத்திலும் விற்பனைக்கு வையுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அந்த இடம் போலந்திலிருந்து இயங்கும் ஜிஓஜி கடையாக இருக்கலாம், இட்ச்.ஐஓ தளமாக இருக்கலாம், உங்கள் சொந்த இணையதளமாகவும் இருக்கலாம். காசு கொடுத்து வாங்கியவர் நிறுவல் கோப்பைத் தம் ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டுகள் ஆனாலும், கடை இருந்தாலும் போனாலும், யாரையும் கேட்காமல் அதை நிறுவி விளையாட அவரால் முடிய வேண்டும்.

இதை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஸ்டீமில் விற்க வேண்டுமானால் பூட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. வால்வ் தரும் பூட்டு, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் ஒரு வசதி மட்டுமே. அது வலுவான திருட்டுத் தடுப்பு அல்ல என்று உருவாக்குநர்களுக்கான வழிகாட்டியில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டீமில் வாங்கிய எத்தனையோ விளையாட்டுகளின் கோப்புறையை அப்படியே வேறு கணினிக்கு நகலெடுத்தால், ஸ்டீம் இல்லாமலே அவை ஓடுகின்றன. எவை ஓடும், எவை ஓடாது என்பதை மட்டும் கடையின் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. வாங்கிய பிறகு நாங்களே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பூட்டுவதா வேண்டாமா என்பதும், ஒரே கடையோடு நிற்பதா என்பதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

ஸ்டீம் மீது எனக்குப் பகை கிடையாது. 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கத்தை 2015-இல் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு ரூபாயில் விலை வந்தது. புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓடவைத்ததற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒரு கடை நல்ல கடையாக இருப்பது மகிழ்ச்சியே. நாங்கள் வாங்கிய எல்லாவற்றின் ஆயுளும் அந்த ஒரு கடையின் ஆயுளோடும் கொள்கையோடும் முடிச்சுப் போடப்பட்டிருப்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கியவர்களும் ஸ்டீம் கணக்குத் திறந்து இணையத்தில் அனுமதி பெற்ற பிறகே விளையாட முடிந்தது. அன்றைக்குப் பலர் கொதித்தார்கள். பிறகு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். எதற்குப் பழகிக்கொண்டோம் என்பது 2024 அக்டோபரில் எழுத்திலேயே வந்துவிட்டது. அந்த மாதம் முதல், ஸ்டீமில் பணம் செலுத்தும் பக்கத்தில் நமக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்ற அறிவிப்பு தோன்றுகிறது. கலிஃபோர்னியாவில் ஏபி 2426 என்ற சட்டம் 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பொருளை விற்பவர், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. நிரந்தரமாகப் பதிவிறக்கி, இணையமில்லாமலும் பயன்படுத்தக்கூடிய வகையில் விற்கப்படும் பொருள்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. நான் உங்களிடம் கேட்பது அந்த விலக்குக்குள் வரும் பிரதியைத்தான்.

எச்சரிக்கை வாசகத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது, ஸ்டீம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஸ்டீம் எங்கும் ஓட வேண்டியதில்லை. அது தன் இடத்திலேயே நன்றாக இருக்கும்போதே எங்கள் விளையாட்டுகள் நின்றுபோகின்றன. 2007-இல் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஒருவர் ஸ்டீமில் ஒரு விளையாட்டை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கணினி இன்றும் நன்றாக இருக்கிறது, விளையாட்டும் எக்ஸ்பிக்காகவே எழுதப்பட்டது. ஆனால் 2019 ஜனவரி 1 முதல் எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் ஸ்டீம் இயங்குவதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரி 1 அன்று விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் அதே நிலை வந்தது. கடையின் மென்பொருளுக்குள் கூகுள் குரோம் உலாவியின் ஒரு வடிவம் உட்கார்ந்திருக்கிறது, அந்த உலாவி பழைய விண்டோஸில் இயங்காது என்பதுதான் வால்வ் சொன்ன காரணம். தொழில்நுட்ப ரீதியில் நியாயமான காரணம்தான். ஆனால் விளையாட்டுக்கும் அந்த உலாவிக்கும் என்ன உறவு? வாங்கிய குடத்தில் தண்ணீர் மொள்ள ஒவ்வொரு முறையும் பாத்திரக் கடைக்காரர் கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதுபோல இருக்கிறது இது.

டிஸ்க்கில் வாங்கினால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாது. 2015-இல் வந்த விண்டோஸ் 10, பாதுகாப்புக் காரணத்துக்காக சேஃப்டிஸ்க், செக்யூரோம் ஆகிய பழைய டிஸ்க் பூட்டுகளை ஏற்க மறுத்தது. அலமாரியில் கீறல்கூட விழாமல் பெட்டியோடு இருந்த டிஸ்க்குகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. விளையாட்டு பழுதாகவில்லை. அதோடு சேர்த்துக் கட்டிய பூட்டுக்கு வயதாகிவிட்டது.

இந்த இடத்தில் தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களைப் போன்ற ஒரு சிறிய குழு அது. 2019 பிப்ரவரியில் அவர்கள் 'டிவோஷன்' என்ற திகில் விளையாட்டை ஸ்டீமில் வெளியிட்டார்கள். 1980-களின் தைவானில் ஓர் அடுக்குமாடி வீடு, அதற்குள் ஒரு குடும்பத்தின் சிதைவு, பக்தியின் பெயரால் நடக்கும் கொடுமை. விமர்சகர்கள் பாராட்டினார்கள். சில நாட்களுக்குள், சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாயத்துப் படத்தில் சீன அதிபரைக் கேலி செய்யும் எழுத்து மறைந்திருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். அது தவறுதலாக உள்ளே தங்கிவிட்ட தற்காலிகப் படம் என்று குழு மன்னிப்புக் கேட்டது, படத்தையும் நீக்கியது. எதிர்ப்பு அடங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் விளையாட்டைக் குழுவே ஸ்டீமிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அதை இணையத்தில் புதிதாக வாங்க நினைத்தவர்களுக்கு வழியே இல்லை.

2020 டிசம்பரில் ஜிஓஜி அதை விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. மகிழ்ந்தோம். சில மணி நேரத்திலேயே, விளையாட்டாளர்களிடமிருந்து வந்த செய்திகளைக் கருதி விற்கப்போவதில்லை என்று ஜிஓஜி பின்வாங்கியது. பூட்டில்லாக் கடை என்று நாங்கள் நம்பியிருந்த இடமே அப்படிச் செய்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதன் பிறகு ரெட் கேண்டில் செய்ததுதான் உங்களுக்குப் பாடமாக வேண்டும். 2021 மார்ச்சில் தங்கள் சொந்த இணையதளத்தில் ஒரு கடையைத் திறந்து, 'டிவோஷனை' டிஆர்எம் இல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். பெரிய கடைகளில் இடமில்லாமல் போன ஒரு படைப்பு, உருவாக்கியவர்களின் கையிலிருந்தே வாங்குபவரின் கைக்கு வந்தது. 2020-லேயே ஹார்வர்டு-யென்சிங் நூலகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஒரு நூலகம் பாதுகாக்கத் தக்கது என்று கருதிய படைப்பு, அதே நேரத்தில் எந்த இணையக் கடையிலும் வாங்கக் கிடைக்காமல் இருந்திருக்கிறது.

ஆகவே ஸ்டீமுக்குப் பதில் ஜிஓஜி என்று நான் கேட்கவில்லை. எந்த ஒரு கடையும் மட்டுமே கதி என்ற நிலை வேண்டாம் என்கிறேன். ஜிஓஜி எல்லா விளையாட்டுகளையும் ஏற்றுக்கொள்வதும் இல்லை. அவர்கள் மறுத்தால் இட்ச் இருக்கிறது. அங்கே கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். வழக்கமான பங்கு 10 விழுக்காடுதான். ஸ்டீமில் தொடக்கப் பங்கு 30 விழுக்காடு என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, நீங்கள் உடனே சொல்லப்போகும் மறுப்பு. பூட்டில்லாமல் விற்றால் திருடிவிடுவார்கள் என்பீர்கள். திருடுகிறார்கள், உண்மைதான். பூட்டியவற்றையும் திருடுகிறார்கள். 2008-இல் வந்த 'ஸ்போர்' விளையாட்டை மூன்று முறைக்கு மேல் நிறுவ முடியாதபடி பூட்டினார்கள். அந்த ஆண்டு மிக அதிகமாகத் திருடப்பட்ட விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. 2010-இல் அசாசின்ஸ் கிரீட் 2-க்கு யுபிசாஃப்ட் எப்போதும் இணையம் இருந்தாக வேண்டும் என்ற பூட்டைப் போட்டது. அனுமதி தரும் சர்வர்கள் படுத்தபோது காசு கொடுத்தவர்கள் விளையாட முடியாமல் திண்டாடினார்கள். மாறாக, சிடி புரொஜெக்ட் தன் 'தி விட்சர் 3' விளையாட்டை 2015-இல் முதல் நாளிலேயே ஜிஓஜியில் பூட்டில்லாமல் வெளியிட்டது. எல்லாக் கருவிகளிலும் சேர்த்து அது 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. 2023-இல் லாரியன் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 3, முதல் நாளிலேயே ஜிஓஜியிலும் கிடைத்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் அள்ளியது. பூட்டில்லாததால் இவர்கள் யாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை. திருட்டு என்பது பெரும்பாலும் சேவைக் குறைபாட்டால் வருவது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011 வாக்கிலேயே சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. காசு கொடுத்தவருக்குத் திருடியவரைவிட மட்டமான பிரதியைக் கொடுப்பதைவிடப் பெரிய சேவைக் குறைபாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அப்படியும் வெளியீட்டு வாரத்தில் பயமாக இருக்கிறது என்றால், அந்தப் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பல ஆண்டு உழைப்பின் வருமானம் முதல் சில வாரங்களில்தான் வருகிறது. உங்களில் பலர் டெனுவோ பூட்டைப் போட்டுவிட்டு, மாதங்கள் கழித்துச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறீர்கள். எடுக்கிற அந்த நாளிலாவது பூட்டில்லாத நிறுவல் கோப்பை விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். ஹொரைசன் ஜீரோ டான் என்ற விளையாட்டு 2020 ஆகஸ்டில் கணினிக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜிஓஜிக்கும் வந்துவிட்டது. கேப்காம் தன் பழைய ரெசிடென்ட் ஈவில் விளையாட்டுகளை 2024-இல் அங்கே கொண்டுவந்தது. தாமதமாக வருவதையும் நாங்கள் வரவேற்கத்தான் செய்கிறோம்.

அடுத்து, வேறு கடைகளிலும்தான் விற்கிறோமே என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. அந்தக் கடைகளில் பல, ஸ்டீம் சாவியை, அதாவது ஸ்டீமில் இட்டு விளையாட்டைப் பெறும் குறியீட்டைத்தான் விற்கின்றன. வாங்கியவர் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டீமுக்குத்தான் போக வேண்டும். ஹம்பிள் இண்டி பண்டில் 2010-இல் தொடங்கியபோது, விருப்பமான விலை கொடுத்துப் பூட்டில்லாத கோப்புகளைப் பெறலாம் என்பதே அதன் பெருமையாக இருந்தது. காலப்போக்கில் அங்கேயும் ஸ்டீம் சாவிகளே பெரும்பான்மையாகிவிட்டன. இன்னொரு பெரிய நிறுவனம் இன்னொரு லாஞ்சரை (விளையாட்டைத் திறக்கும் தன் சொந்த மென்பொருளை) திணிப்பதும் எங்களுக்கு மாற்று ஆகாது. கணினியில் லாஞ்சர்களின் வரிசைதான் நீள்கிறது.

ஜிஓஜியில் நீங்கள் வைக்கும் பிரதியை மாற்றாந்தாய்ப் பிள்ளைபோல நடத்தாதீர்கள் என்பதும் என் கோரிக்கையின் முக்கியமான பகுதி. ஸ்டீமில் புதுப்பிப்பு வருகிறது. ஜிஓஜியில் வாங்கியவர் மாதக்கணக்கில் பழைய பிழைகளோடு காத்திருக்கிறார். கூடுதல் பகுதி அங்கே வெளிவருகிறது. இங்கே வருவதே இல்லை. பலர் சேர்ந்து ஆடும் வசதி முழுவதையும் ஸ்டீமின் சேவைமேல் கட்டிவிட்டதால், மற்றப் பிரதிகளில் அந்தப் பொத்தானே செத்துக் கிடக்கிறது. ரசிகர்கள் உருவாக்கும் மாற்றங்கள் ஸ்டீமின் வொர்க்ஷாப் பகுதியில் அடைபட்டுக் கிடக்கின்றன. இரண்டு பிரதிகளைப் பராமரிப்பது வேலைதான், மறுக்கவில்லை. சாதனைகள், மேகச் சேமிப்பு, நண்பர் அழைப்பு ஆகியவற்றை ஸ்டீமோடு நேரடியாகப் பிணைக்காமல், நடுவில் ஒரு அடுக்கு வைத்து முதல் நாளிலிருந்தே எழுதினால் அந்த வேலை பெருமளவு குறையும். உள்ளூர் வலையமைப்பில் ஆடும் வசதியையும் ஐபி முகவரி கொடுத்து நேரடியாக இணையும் வசதியையும் மறந்துவிடாதீர்கள். பால்டர்ஸ் கேட் 3-இல் 2024 செப்டம்பரில் வந்த, ரசிகர்களின் மாற்றங்களை நிறுவித்தரும் மாற்ற மேலாளர் எந்தக் கடையில் வாங்கியவருக்கும் வேலை செய்கிறது. மனம் இருந்தால் முடிகிறது என்பதற்கு அது போதும்.

பூட்டை ஒளித்து வைத்துக்கொண்டும் வராதீர்கள். 2021-இல் ஜிஓஜியில் வந்த ஹிட்மேன் விளையாட்டின் பெரும்பகுதிக்கு இணைய இணைப்புத் தேவைப்பட்டது. வாங்கியவர்கள் கொந்தளித்ததும், சில வாரங்களில் அதைக் கடையிலிருந்து எடுக்க நேர்ந்தது.

இதெல்லாம் என் வீட்டில் எப்படி இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலூர்ப் பக்கம் புயல் அடித்து ஓய்ந்தால் மின்சாரம் முதலில் திரும்பும், இணையம் பிறகுதான். கேபிளை எங்கோ மரம் விழுந்து அறுத்திருக்கும்; கைப்பேசிக் கோபுரமும் மூச்சுவிடத் திணறும். அப்படியொரு புயல் வாரத்தில், வீட்டில் அடைந்து கிடந்த அக்கா மகனுக்காக ஒரு பெரிய வெளியீட்டாளரின் விளையாட்டைத் திறந்தேன். ஒருவர் மட்டுமே ஆடும் விளையாட்டு அது, இணையத்துக்கு அதில் வேலையே இல்லை. லாஞ்சர் உள்நுழையச் சொன்னது. இணைப்பு இல்லை என்றது. மீண்டும் முயலவும் என்ற பொத்தானை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினேன். அதில் விளையாட்டுக்கு ஒரு கோப்புறை: 'செட்அப்' என்று தொடங்கும் ஒரு சிறிய கோப்பும், அதன் பக்கத்தில் நான்கு நான்கு ஜிபியாகப் பிரித்த '.bin' கோப்புகளும். இரண்டு முறை சொடுக்கினேன். பச்சைப் பட்டை நகர்ந்தது. பையன் விளையாட உட்கார்ந்துவிட்டான். கணக்கு இல்லை, கடவுச்சொல் இல்லை. ஸ்டீமிலும் ஆஃப்லைன் முறை இருக்கிறது, பெரும்பாலும் வேலையும் செய்கிறது. ஆனால் அதே கணினியில் முன்பே உள்நுழைந்து தயார் செய்து வைத்திருந்தால்தான் அது கைகொடுக்கும். புதிய கணினிக்கு அது உதவாது.

அந்தப் பையனுக்கு நாளைக்கு இவற்றையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகவும் எனக்கு ஆசை. ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தம் இடம்தரவில்லை. உயில் எழுதினாலும் மாற்ற முடியாது என்று அதன் உதவி மையம் ஒரு பயனருக்குப் பதில் அளித்தது 2024-இல் பரவலாகப் பேசப்பட்டது. வீட்டில் இருக்கும் புத்தக அலமாரி அடுத்த தலைமுறைக்குப் போகும். விளையாட்டுகள் மட்டும் ஏன் என்னோடு சாக வேண்டும்?

அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நூலகங்கள் ஆய்வாளர்களுக்கு அவற்றைத் தொலைவிலிருந்து பார்க்கத் தர அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' விளையாட்டு 2024 மார்ச் 31 அன்று சர்வரோடு சேர்த்து அணைக்கப்பட்டது. பிறகு வாங்கியவர்களின் உரிமமும் பறிக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நாங்கள் தனி ஆட்கள் அல்ல.

எங்கள் மொழிக்கும் இதில் பங்கு இருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை இட்லியும் புட்டுமாகச் சமைத்துக் காட்டுகிறது. இப்படியொரு படைப்பு இன்னும் நிறைய வர வேண்டும். சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு குழுக்களாக உட்கார்ந்து விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, இந்த மடல் உங்களுக்கும்தான். உங்கள் முதல் விளையாட்டைக் கடையில் ஏற்றும் அன்றே இட்ச்சிலும் ஒரு பூட்டில்லாப் பிரதியை ஏற்றிவிடுங்கள். சொந்தத் தளத்தில் விற்றால் ரூபாயில் விலையும் யூபிஐ வழியும் வையுங்கள். பன்னாட்டுக் கார்டு இல்லாத கல்லூரிப் பிள்ளைகள்தான் உங்கள் முதல் ரசிகர்கள்.

உங்கள் அடுத்த விளையாட்டை அறிவிக்கும்போது, எந்தெந்தக் கருவிகளில் வருகிறது என்ற பட்டியலுக்குக் கீழே, டிஆர்எம் இல்லாத பிரதி எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி சேருங்கள். அது எந்தக் கடையாக இருந்தாலும் சரி. தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் கடலூர்க்காரன்